பெருமாளிகைக்கு ஒரு மேசை வரைவது: சுவரிலிருந்து தொடங்கும் நியோகிளாசிக்கல் வழிகாட்டி

லண்டனுக்கு மேற்கே ஆஸ்டர்லி பார்க் என்றொரு பெரிய வீடு இருக்கிறது. பிக்கடிலி லைனில் ஏறி ஆஸ்டர்லியில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் வந்துவிடும். முதல் தடவை போனபோது அதன் சாப்பாட்டு அறையில் நான் தேடியது மேசையை. அறை நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் தரை. கதிரைகள் எல்லாம் சுவரோடு முதுகை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. துப்புரவாக்க வெளியே எடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, அங்கே நின்ற தொண்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். 18 ஆம் நூற்றாண்டில் அந்த அறை அப்படித்தான் இருந்ததாம். மடிக்கிற மேசைகளைச் சாப்பாட்டு நேரத்துக்கு வேலைக்காரர்கள் கொண்டுவந்து விரிப்பார்கள், சாப்பிட்டு முடிந்ததும் மடித்து வெளியே கொண்டுபோய்விடுவார்கள்.

அந்த வெறும் தரையைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தத் தளபாடம் விளங்கியது. புத்தகங்களில் ஒரு கதிரையையோ மேசையையோ வெள்ளைப் பின்னணியில் தனியாக வெட்டி எடுத்துப் போடுகிறார்கள், அதைப் பார்த்து நாங்களும் தனியாக வரைகிறோம், வருவது கல்யாண மண்டபத்துச் சாமான் மாதிரி இருக்கிறது. நியோகிளாசிக்கல், அதாவது பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றிய 18 ஆம் நூற்றாண்டுப் பாணியில், தளபாடம் சுவரின் ஒரு துண்டு. சுவர் இல்லாமல் அதை வரைய முடியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: இரண்டு யன்னல்களுக்கு நடுவில் உள்ள சுவரோடு நிற்கும் அரை நீள்வட்ட மேசை, அதற்கு மேலே ஒரு கண்ணாடி. இங்கிலாந்தின் பெரிய நாட்டுப்புற மாளிகைகளில் இந்தச் சோடி இல்லாத வீட்டைக் காண்பது கஷ்டம். பெரிய வீடு உங்களிடம் இருக்க வேண்டும் என்றில்லை. என்னிடம் இருப்பது வரிசை வீடு.

வரையத் தொடங்கும் முன் கொஞ்சம் கதை

இத்தாலியில் புதைந்து கிடந்த ரோமானிய நகரங்களில் 1738 இல் ஹெர்குலேனியத்தைத் தோண்டத் தொடங்கினார்கள், 1748 இல் பொம்பேயை. அதுவரை ரோமானியர் என்றால் கோவிலும் தூணும்தான். இப்போது அவர்களுடைய வீட்டுச் சுவர், விளக்கு, முக்காலி எல்லாம் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. ஸ்கொட்லாந்துக் கட்டடக் கலைஞர் ரொபர்ட் ஆடம் 1754 இல் புறப்பட்டு இத்தாலிக்குப் போய், 1758 இல் திரும்பி வந்தார். இடையில் இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்பிளிட் நகரில் ரோமப் பேரரசன் டயோக்கிளிஷியனின் அரண்மனை இடிபாடுகளை அளந்து வரைந்து, 1764 இல் புத்தகமாகவே போட்டார். அந்த அளவுகளும் பூவேலைகளும்தான் 1760களிலிருந்து கெடில்ஸ்டன், ஆஸ்டர்லி, ஹேர்வுட், நொஸ்டெல், சோல்ட்ரம் போன்ற வீடுகளுக்குள் இறங்கின.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுவது நல்லது. தளபாடக் கலைஞர் தோமஸ் சிப்பென்டேல் 1754 இல் வெளியிட்ட பிரபலமான மாதிரிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நியோகிளாசிக்கல் வரையப் போகாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் வளைந்து நெளிந்த ரொகோகோ, கோதிக், சீனப் பாணி. அவருடைய நியோகிளாசிக்கல் வேலைகள் 1760களின் நடுவுக்குப் பிறகு வந்தவை, அவை அந்தப் புத்தகத்தில் இல்லை, வீடுகளில்தான் இருக்கின்றன. பேரைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

படி 1: சுவரை அளந்து, முழுச் சுவரையும் வரையுங்கள்

ஆடமின் அலுவலகத்தில் அறையின் தரையை நடுவில் வரைந்து, நாலு சுவரையும் பெட்டியைப் பிரித்து விரித்த மாதிரி நாலு பக்கமும் படுக்க வைத்து வரைவார்கள். அவருடைய அலுவலக வரைபடங்களில் சுமார் 9,000 லண்டனில் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சர் ஜோன் சோன் 1833 இல் அவ்வளவையும் 200 பவுணுக்கு வாங்கினார், கேட்கவே வயிறு எரிகிறது. அவற்றில் நாலைந்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நீங்கள் வரைய வேண்டியவை: யன்னல்களின் அகலம், நடுச் சுவரின் அகலம், தரையோரப் பலகையின் உயரம், இடுப்பளவில் சுவரைச் சுற்றி ஓடும் டேடோ பட்டி, கூரையோர வேலைப்பாடு. ஒன்றுக்கு இருபது அளவில் போட்டால் ஒரு தாளில் அடங்கும். மேசையின் மேற்பலகை டேடோ பட்டியின் கோட்டோடு சேர வேண்டும். சரியாக அதே கோட்டில் வராவிட்டாலும், பார்த்தால் இரண்டும் ஒரே ஓட்டமாகத் தெரிய வேண்டும். 32 முதல் 36 அங்குலத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். நான் 34 என்று எடுத்துக்கொள்கிறேன். மேசையின் அகலம் நடுச் சுவரைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். யன்னல் சட்டத்துக்குள் மூக்கை நீட்டினால் மொத்தமும் கெட்டுவிடும்.

படி 2: நூலும் இரண்டு ஆணியும்

இந்தப் பாணியில் வளைவு கையால் இழுப்பதல்ல. வட்டம், நீள்வட்டம், செவ்வகம், அவ்வளவுதான். 48 அங்குல அகலமும் 18 அங்குல ஆழமும் உள்ள அரை நீள்வட்டம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் 48 அங்குலக் கோடு போட்டு நடுப்புள்ளியைக் குறியுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 15 அங்குலமும் முக்காலே அரைக்கால் அங்குலமும், அதாவது 15.87 தள்ளி, கோட்டின் மேல் ஒவ்வொரு ஆணி அடியுங்கள். ஓர் ஆணியிலிருந்து மற்ற ஆணி வரை தொய்வோடு 48 அங்குல நூலைக் கட்டி, பென்சிலால் நூலை விறைப்பாக இழுத்துக்கொண்டே ஓட்டினால் கோடு தானாக விழும். வேறு அளவு என்றால் கணக்கு இதுதான்: அகலத்தில் பாதியின் வர்க்கத்திலிருந்து ஆழத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள், அதுதான் ஆணியின் தூரம். நூலின் நீளம் எப்போதும் மேசையின் முழு அகலம்.

இப்போது முன்பக்கத் தோற்றம். மேசையை ஒரு சின்னக் கோவில் என்று நினையுங்கள். கால் தூண், காலுக்கு மேல் ஓடும் மேற்பட்டி உத்தரம், மேற்பலகையின் விளிம்பு கொடுங்கை. மேற்பட்டிக்கு 4 அங்குலம், பலகைக்கு முக்கால் அங்குலம் போதும். மேற்பட்டி தடித்தால் மேசை எழுத்து மேசை ஆகிவிடும்.

படி 3: கால்

நான் அதிகம் அடிபட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

ரொகோகோவின் வளைந்த கால் இங்கே இல்லை. நேரான கால், கீழே போகப் போக ஒடுங்கும். மேலே மேற்பட்டியோடு சேரும் இடம் மட்டும் ஒடுங்காத சதுரக் கட்டை. அதன் முகத்தில் ஒரு வட்டப் பூ. அதற்குக் கீழே கழுத்து மாதிரி ஒரு சின்னப் பட்டி, பிறகு ஒடுக்கம் தொடங்கும். மேலே ஒன்றே முக்கால் அங்குலம், கீழே ஏறக்குறைய ஓர் அங்குலம் வைத்தால் நன்றாக இருக்கும்.

சதுரக் காலை எந்தப் பக்கம் ஒடுக்குவது? மாலை நேரத் தச்சு வகுப்பு ஒன்றில் நான் முதல் மேசை செய்தபோது இதை யோசிக்கவே இல்லை. வெளிப்பக்கம் இரண்டையும் இழைத்துத் தள்ளிவிட்டேன். ஒட்டி நிமிர்த்தி வைத்ததும் ஆசிரியர் அறையின் மறுமூலைக்குப் போய் நின்று பார்த்தார். "கழிப்பறை வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி நிற்கிறது" என்றார். உண்மைதான், முழங்கால் இரண்டும் உள்ளே இடித்துக்கொண்டு நின்றது. ஒடுக்க வேண்டியது உள்முகம் இரண்டை மட்டும். வெளிமுகங்கள் தரை வரை நேராக இறங்க வேண்டும். அப்போதுதான் மேசை அகலமாக, நிதானமாக நிற்கும். பொன்முலாம் பூசிய உருளைக் கால்களின் கதை வேறு. அவை கடைசலில் செய்பவை, சுற்றிவர ஒடுங்கும், அவற்றில் ஓடும் நெடுக்குப் பள்ளங்களும் கீழே போகப் போக ஒடுங்கிக்கொண்டே போகும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. டார்பிஷயரில் கெடில்ஸ்டன் வரவேற்பறைக்கு ஜோன் லின்னெல் 1765 வாக்கில் செய்து கொடுத்த சோபாக்களைத் தாங்குபவர்கள் பொன்னிற மச்சக் கன்னிகளும் மச்ச ஆண்களும். அவ்வளவு பெரிய அறையில் அது எடுபடுகிறது. உங்கள் அறையிலும் எடுபடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

படி 4: அலங்காரத்துக்கு விலாசம் கொடுங்கள்

பட்டியல் நீளமானது: அந்தீமியன் என்ற விசிறி வடிவ இலை, வட்டப் பூ, உமிமணிச் சரம், பின்னல் பட்டி, தாழி, ஆட்டுக்கடாத் தலை, சிங்கமுகம், மனிதத் தலையும் சிங்க உடலும் உள்ள ஸ்ஃபிங்ஸ், லயர் என்ற யாழ். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் போடுவார்கள். ஒரு மேசைக்கு மூன்று போதும்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. வட்டப் பூ இரண்டு உறுப்புகள் சந்திக்கும் மூட்டில் வரும். பள்ளங்கள் மேற்பட்டியில் ஓடும். உமிமணிச் சரம் காலின் மேற்பகுதியில் தொங்கும், ஒவ்வொரு மணியும் மேலுள்ளதைவிடச் சிறியது. ஆட்டுக்கடாத் தலை மூலைக்கு, அதன் கொம்பிலிருந்து மாலை தொங்கவிடலாம். தாழி உச்சிக்கு அல்லது நடுமையத்துக்கு. கனம் தாங்கும் இடத்தில் பூமாலையும் தொங்கும் இடத்தில் சிங்கமும் போட்டால் கண் உடனே காட்டிக்கொடுக்கும்.

மூன்றை எங்கிருந்து எடுப்பது? அறையிலிருந்து. டெவனில் உள்ள சோல்ட்ரம் வீட்டின் பெரிய அறையில் ஆடம் வரைந்த கூரை வேலைப்பாடு கீழே கம்பளத்தில் எதிரொலிக்கிறது. அந்தக் கம்பளத்துக்கு மட்டும் 126 பவுண் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்டர்லியின் எட்ரஸ்கன் அறையில் கிரேக்கப் பானைகளின் நிறத்தில் சுவர் முழுக்கத் தீட்டி, கதிரைகளுக்கும் அதே தீட்டல். கூரையில் விசிறி வடிவம் இருந்தால் மேற்பட்டியிலும் அதைப் போடுங்கள், வேலை முடிந்தது.

அந்தக் காலத்திலேயே இதைக் கிண்டலடித்தவர்கள் உண்டு. எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் ஆஸ்டர்லியை ஒரு காலம் வாய் ஓயாமல் புகழ்ந்தவர். 1778 இல் எழுதிய கடிதத்தில் எட்ரஸ்கன் அறைக்குள் போவது அரண்மனையை விட்டுக் குயவன் நிலத்துக்குள் போவது மாதிரி என்றார். ஆடம் வரைந்த குவிமாடக் கட்டிலைப் பார்த்துவிட்டு, தொப்பிக்காரி அலங்கரித்த குவிமாடத்தைப் பழைய ரோமக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் பார்த்தால் என்ன நினைப்பார் என்றும் கேட்டார். கட்டில் விஷயத்தில் நான் வால்போல் பக்கம். எட்ரஸ்கன் அறை விஷயத்தில் இல்லை.

படி 5: மரமும் மேற்பரப்பும்

எந்த அறை என்பதைப் பொறுத்தது. சாப்பாட்டு அறை, நூலகம் என்றால் மஹோகனி. வரவேற்பறை என்றால் பொன்முலாம் அல்லது சாட்டின்வுட்டில் மரப் பூவேலை, அதாவது நிற நிறமான மெல்லிய மரத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் கோலம். சின்ன உடுத்தும் அறைகளுக்குத் தீட்டிய மரம்.

மஹோகனி வந்தது ஜமைக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்கக் கரையிலிருந்தும். 1721 இல் குடியேற்ற நாட்டு மரங்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியதால் அது இங்கிலாந்தில் பெருகியது. இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட முடியாது: யோக்ஷயரின் ஹேர்வுட் வீட்டைக் கட்டிய லாசெல்ஸ் குடும்பத்தின் பணம் பார்படோஸ் சர்க்கரையிலும் அடிமை வியாபாரத்திலும் வந்தது. பக்கத்து ஒட்லியில் பிறந்த சிப்பென்டேலுக்கு 1767 முதல் கிடைத்த வாழ்நாளின் மிகப் பெரிய வேலை அந்த வீடு, 10,000 பவுணுக்கு மேல்.

சாட்டின்வுட் முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா, இலங்கைப் பக்கத்துச் சாட்டின்வுட்டும் சேர்ந்துகொண்டது. அது வேறொன்றுமில்லை, எங்களுடைய முதிரை. தமிழ்நாட்டில் புரசு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டு அலுமாரி முதிரை. வெயில் விழுந்தால் பட்டுச் சேலை மடிப்பு மாதிரி மினுங்கும். அருங்காட்சியகத்தில் அதே மினுக்கத்தைக் கண்ணாடிக் கூட்டுக்குள் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மரப் பூவேலையின் உச்சம் பார்க்க வேண்டுமென்றால் ஹேர்வுட்டில் உள்ள டயானா, மினர்வா கொமோட் என்ற உயரம் குறைந்த அலுமாரி. 1773 இல் சிப்பென்டேல் அதற்குப் போட்ட விலை 86 பவுண். இரண்டு தேவியரும் வட்டங்களுக்குள் இருக்கிறார்கள், நடுவில் உள்ளே குழிந்த கதவு. இலைகளில் நிழல் எப்படி வந்தது தெரியுமா? தீட்டியதல்ல. மெல்லிய மரத்துண்டின் ஓரத்தைச் சூடான மணலுக்குள் சில வினாடி செருகி எடுப்பார்கள். ஓரம் கருகி, உள்நோக்கி மங்கலாகிக்கொண்டே வரும். வீட்டில் ஒரு பழைய சட்டியில் மணலைச் சூடாக்கிச் செய்து பாருங்கள், முதல் பத்துத் துண்டு கரியாகும், பதினோராவது இலையாகும். இன்னொன்று, இன்று நாம் பார்க்கும் தேன் நிறம் வயதின் நிறம். சாயம் ஏற்றிய பச்சையும் சிவப்பும் வெயிலில் போய்விட்டன. செய்த நாளில் இவை கிட்டத்தட்டக் கண்ணைக் கூசவைத்திருக்கும்.

நம் மேசைக்கு வளைந்த மேற்பட்டி வேண்டும். ஒரே மரத்தை வளைக்காதீர்கள். பைன் மரக் கட்டைகளைச் செங்கல் சுவர் மாதிரி மூட்டு மாற்றி அடுக்கி ஒட்டி, பிறகு வளைவுக்கு இழைத்து, மேலே மெல்லிய மரத்தை ஒட்டுங்கள். அக்காலத்து அரைவட்ட மேசைகளின் பின்னால் குனிந்து பார்த்தால் அந்தச் செங்கல் வரிசை தெரியும். பசை சூடான வச்சிரம்தான், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. நவீனப் பசை பிடிக்கும், ஆனால் பிழைவிட்டால் கழற்ற முடியாது. வச்சிரம் ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும்.

படி 6: கண்ணாடி

மேசையைவிட அகலம் கூடக்கூடாது. சட்டத்தின் நடுக்கோடு மேசையின் நடுக்கோட்டோடு ஒன்றாக இருக்க வேண்டும். உச்சியில் தாழி அல்லது அந்தீமியன். யன்னலுக்கு இடையில் கண்ணாடி வைப்பதற்குக் காரணம் பகலில் தெரியாது. இரவில் அந்தச் சுவர்தான் அறையில் இருண்ட சுவர், மெழுகுதிரி வெளிச்சத்தை இரட்டிப்பாக்கத்தான் அது அங்கே இருக்கிறது. அன்று பெரிய கண்ணாடித் தகடு சட்டத்தைவிட விலை கூடியது.

படி 7: சாப்பாட்டு அறை என்றால்

இதே மேசை நீண்டு சைட்போர்ட், அதாவது பரிமாறும் மேசை ஆகும். இரண்டு பக்கமும் பீடம், பீடத்தின் மேல் தாழி, கீழே வைன் குளிரவைக்கும் தொட்டி. எல்லாம் அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தளபாடக்காரர் ஹெப்பிள்வைட்டின் 1788 மாதிரிப் புத்தகம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: ஒரு பீடத்தின் உள்ளே தகரம் அடித்து, சூடேற்றி ஒன்றை வைத்துத் தட்டுகளைச் சூடாக்குவது. மற்றப் பீடம் மூத்திரப் பானைக்கு. தாழியில் தண்ணீர். ஆண்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மணிக்கணக்காகக் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள், வேறென்ன செய்வது.

இந்த அறைச் சுவருக்குத் துணி வேண்டாம். சாப்பாட்டு மணம் துணியில் தங்கிவிடும் என்று ஆடம் சகோதரர்களே 1773 இல் எழுதியிருக்கிறார்கள். சாந்து வேலையும் சிலையும்தான்.

படி 8: கதிரை

ஹெப்பிள்வைட் அளவு கொடுத்திருக்கிறார்: முன்பக்க அகலம் 20 அங்குலம், இருக்கையின் ஆழம் 17, இருக்கைச் சட்டத்தின் உயரம் 17, மொத்த உயரம் சுமார் 3 அடி 1 அங்குலம். கேடய முதுகு என்றால் அவர், சதுர முதுகு என்றால் 1791 இல் வெளிவரத் தொடங்கிய, இன்னொரு தளபாட வடிவமைப்பாளர் ஷெரட்டனின் புத்தகம். ஆஸ்டர்லி சாப்பாட்டு அறையில் இருப்பது யாழ் முதுகு. யாழ்ப்பாணத்தான் அதைத்தான் தேர்ந்தெடுப்பான், என்னைக் குறை சொல்லாதீர்கள். பின்கால்களைப் பின்னோக்கிச் சற்றுச் சாயுங்கள். கால் தரையோரப் பலகையில் முதலில் முட்டும், முதுகு சுவரில் உரசாது. மஹோகனி என்றால் இருக்கைக்குக் குதிரைமயிர்த் துணி, வெறுமையாகவோ கோடு போட்டோ.

படி 9: வெட்டுவதற்கு முன்

முழு அளவில் அட்டையில் வெட்டுங்கள். பெரிய அட்டைப் பெட்டி இரண்டு போதும். முன்தோற்றத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, கண்ணாடிக்குப் பழுப்புத் தாளை ஒட்டி, மூன்று நாள் விடுங்கள். காலையில் வாசலில் நின்று பாருங்கள், இரவில் மின்விளக்கை அணைத்து ஒரு மெழுகுதிரியோடு பாருங்கள். எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது, மேசைக் காலின் தடிப்பு கால் அங்குலம் கூட. மூன்றாம் நாள் இன்னொன்று தெரிந்தது: யன்னலுக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டர் குழாய் 18 அங்குல ஆழத்துக்கு இடம் விடாது. ஆழத்தை 14 ஆக்கி, ஆணிகளை 19.5 அங்குலத்துக்குத் தள்ளி, நூலை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி கோடு போட்டேன்.